ஐஸ் ஏன் வழுக்குகிறது? ஐந்து மதிப்பெண்

8 ஜனவரி 1994, சனி

விழுந்தேன்.

குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு பார்க்கிங் லாட் மூலையிலிருக்கும் பெரிய தொட்டிக்குப் போனேன். கிளம்பியது ஞாபகம் இருக்கிறது. அடுத்த நொடி மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பிளெய்ன்ஸ்பரோ ஊர் வானம், சாம்பல் நிறம், பார்க்க ஒன்றுமில்லை. பை மட்டும் என் கையை விட்டு நழுவி, ஐஸ் மேலேயே சறுக்கி, தொட்டி வரைக்கும் தானாகப் போய் நின்றது. இந்த வீட்டில் பொறுப்பான ஆள் அது ஒன்றுதான்.

நான் எழுந்து, தட்டிவிட்டுக்கொண்டு, வீட்டுக்குள் வருவதற்குள் எதிர் பில்டிங் காமாக்ஷியிடமிருந்து போன். "வசந்தா, ஒண்ணும் ஆகலையே? ஜன்னல்லேர்ந்து பாத்துண்டே இருந்தேன். நன்னா சத்தம் கேட்டுது." சத்தம் நன்றாகக் கேட்டதாம். ரொம்ப சந்தோஷம்.

என் வீட்டுக்காரர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பவில்லை. "செருப்போடவா போனே?"

"ஆமாங்க. சாக்ஸ் போட்டு, அது மேல ஹவாய் செருப்பு."

"அப்ப விழத்தான் செய்வே."

கோபாலசாமி, பி.இ., நான்கு வருஷ அமெரிக்க அனுபவம். இந்த ஞானம் வேறு எங்கே கிடைக்கும்?

இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாரித்திருக்கிறது. நான் எம்.எஸ்சி. இயற்பியல், முதல் வகுப்பு. கோபிசெட்டிபாளையத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் ஐந்து வருஷம் இதே பாடத்தை நடத்தியவள். அழுத்தம் கூடினால் ஐஸின் உருகுநிலை இறங்கும், காலடியில் ஐஸ் உருகித் தண்ணீராகும், அதனால் வழுக்கும். ஐந்து மதிப்பெண். படம் போடாவிட்டால் நான்கு. ஐஸுக்கு என் தகுதி தெரியவில்லை போலிருக்கிறது.

14 ஜனவரி, வெள்ளி

பொங்கல். பால் பொங்கி கரண்ட் அடுப்புச் சுருளில் வழிந்து புகை கிளம்பியது. "பொங்கலோ பொங்கல்" என்று கத்தியது ஸ்மோக் அலாரம் மட்டும்தான்.

17 ஜனவரி, திங்கள்

பள்ளிக்கூடம் விடுமுறை. மகள் வெண்பாவோடு படிக்கும் பெண்ணுக்குப் பிறந்தநாள், ஐஸ் ரிங்கில் பார்ட்டி. எனக்குக் கார் ஓட்ட வராது, அதனால் வீட்டுக்காரரும் வந்தார். வந்தவர் சும்மா இருக்கலாமில்லையா? ஸ்கேட் வாடகைக்கு எடுத்து மாட்டிக்கொண்டு இறங்கினார். எண்பத்து நான்கு கிலோ. ஓரத்துச் சுவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுப் போனார். கல்யாணத்தன்றுகூட என் கையை அப்படிப் பிடிக்கவில்லை.

வெண்பா அரை மணி நேரத்தில் கற்றுக்கொண்டுவிட்டாள். ஒன்பதரை வயது, எலும்பெல்லாம் ரப்பர். கன்னம் சிவக்க ஓரத்துக்கு வந்து, "அம்மா, ஒய் இஸ் ஐஸ் சோ ஸ்லிப்பரி?" என்றாள்.

நான் சொன்னேன். முழுசாக. அழுத்தம், உருகுநிலை, கனம் தொங்கும் கம்பி ஐஸ் கட்டிக்குள் இறங்கும் சோதனை, எல்லாம். ஆவி படிந்த கண்ணாடியில் விரலால் படமும் போட்டுக் காட்டினேன். அவளோடு நின்ற பிள்ளைகளும் கேட்டார்கள். ஒரு பையன், "இஸ் யுவர் மாம் எ டீச்சர்?" என்று கேட்டான்.

வெண்பா என்னைப் பார்த்தாள். "ஷி வாஸ் எ ப்ரொஃபசர்."

வாஸ். இருந்தாள். சரி, உண்மைதானே. என் விசாவின் பெயர் எச்-4, மனைவிக்கான விசா. சம்பளத்துக்கு வேலை பார்த்தால் குற்றம். இந்தப் பெண்ணுக்கு நினைவு தெரிந்த நாளாக நான் லன்ச் டப்பா கட்டுகிறவள், ஊரெல்லாம் கெஞ்சி காரில் இடம் கேட்கிறவள், போனில் யாராவது இங்கிலீஷில் வேகமாகப் பேசினால் ரிசீவரை அப்பாவிடம் நீட்டுகிறவள். ஹோம்வொர்க் நேரத்தில் மட்டும்தான் நான் ஒரு ஆள். இன்றைக்கு அவள் பார்த்த பார்வையில், சபையறிய, நான் ஒரு ஆள்.

எனக்கு அது வேண்டும். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்: ரொம்ப வேண்டும்.

19 ஜனவரி, புதன்

மைனஸ் ஐந்து ஃபாரன்ஹீட். நம் கணக்கில் மைனஸ் இருபது. பள்ளிக்கூடம் கிடையாது. காரைக் கிளப்பப் போன வீட்டுக்காரர் கதவைத் திறப்பதற்கு முன்னால் காருக்கு அடியில் போய்விட்டார். "எண்பத்து நாலு கிலோ அழுத்தம், உருகாம என்ன செய்யும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. காமாக்ஷியின் போன் வந்தது.

26 ஜனவரி, புதன்

சயின்ஸ் ஃபேர் நோட்டீஸ். மார்ச் ஐந்தாம் தேதி, பள்ளி கஃபட்டீரியாவில். வெண்பா தலைப்பை முடிவு செய்தே வந்துவிட்டாள்: ஐஸ் ஏன் வழுக்குகிறது. "பிகாஸ் யு நோ இட்" என்றாள். நான் வேறு பக்கம் திரும்பி வெங்காயம் நறுக்கினேன்.

காமாக்ஷி மகன் ரோஹன் எரிமலை செய்கிறானாம். போன வருஷமும் எரிமலைதான். "இந்த வருஷம் லாவா கலர் வேற" என்றாள் காமாக்ஷி. அறிவியல் முன்னேறிக்கொண்டுதான் இருக்கிறது.

5 பிப்ரவரி, சனி

சோதனை இன்று. கேக் சுடும் அலுமினிய ட்ரேயில் தண்ணீர் ஊற்றி ராத்திரி ஃப்ரீஸரில் வைத்திருந்தோம். அதன் மேல் நம் எவர்சில்வர் டம்ளர். ட்ரேயின் ஒரு பக்கத்தை மெதுவாகத் தூக்க வேண்டும். எந்த உயரத்தில் டம்ளர் நகர ஆரம்பிக்கிறது என்று ஸ்கேலில் பார்க்க வேண்டும். பிறகு டம்ளரில் பத்து கால் டாலர் நாணயம், இருபது, நாற்பது. கனம் கூடக் கூட அழுத்தம் கூடும், அழுத்தம் கூடினால் வழுக்கல் கூடும், உயரம் குறைய வேண்டும். கண்ணாடி போல் தெளிவான சோதனை. நான்தான் வடிவமைத்தேன்.

டம்ளரையும் ஃப்ரீஸரில் வைக்க வேண்டும் என்றாள் வெண்பா. சூடான டம்ளர் ஐஸை உருக்கிவிடுமாம். அட, என் பெண்.

அவளே தூக்கினாள், அவளே படித்தாள், நோட்டீஸில் சொல்லியிருக்கிறதாம், ஒரு சின்ன நோட்டில் பென்சிலால் எழுதினாள். காலி டம்ளர், மூன்று சென்டிமீட்டர். பத்து நாணயம், மூன்று புள்ளி இரண்டு. இருபது, இரண்டு புள்ளி ஒன்பது. நாற்பது, மூன்று புள்ளி ஒன்று. மறுபடி செய்தோம். அதே மூன்று, மூன்று, மூன்று. கனத்துக்கும் வழுக்கலுக்கும் ஏதாவது சம்பந்தம் இருப்பதாகவே டம்ளர் காட்டிக்கொள்ளவில்லை.

"இட்ஸ் ஆல் த சேம்" என்றாள்.

"ட்ரே சரியில்ல கண்ணு" என்றேன்.

6 பிப்ரவரி, ஞாயிறு

மூன்று மடிப்பு அட்டை வாங்கி வந்தார் வீட்டுக்காரர். கூடவே ஜிகினாப் பசை. சயின்ஸ் ஃபேருக்கு அவருடைய பங்களிப்பு அதோடு முடிந்தது.

எய்ம், அப்பரேட்டஸ், ஃபார்முலா, ப்ரொசீஜர், டேபுலர் காலம், ரிசல்ட். ரெக்கார்டு நோட் எழுதி நான்கு வருஷம் ஆகியும் கை மறக்கவில்லை. அட்டவணைக்கு வந்ததும் நின்றேன். மூன்று, மூன்று, மூன்று என்று எழுதி, கீழே "ஆகவே அழுத்தத்தால் வழுக்குகிறது" என்று எப்படி எழுதுவது?

எங்கள் லேபில் இதற்குப் பெயர் ரீடிங் குக் பண்ணுவது. பண்ணாதவர் யார்? ஊசலை ஆட்டிப் புவியீர்ப்பை அளந்தால் எல்லோருக்கும் ஒன்பது புள்ளி எட்டுதான் வர வேண்டும். வராவிட்டால் ஊசல் தப்பு, நூல் தப்பு, ஸ்டாப்வாட்ச் தப்பு. புத்தகம் தப்பாக இருக்குமா? விடையிலிருந்து பின்னால் நடந்து போய் அளவுகளை எழுதிவிட்டு வருவோம். எக்ஸ்டர்னல் எக்ஸாமினருக்கும் தெரியும், அவரும் அப்படித்தான் பாஸானவர்.

ஆகவே: நான்கு, மூன்றரை, மூன்று, இரண்டரை. கிராஃப் போட்டால் நேர்கோடு. பார்க்க லட்சணமாக இருந்தது.

வெண்பா அட்டையைப் பார்த்தாள். "அம்மா, தட்ஸ் நாட் வாட் வி காட்."

"அது எக்ஸ்பெரிமென்டல் எரர் கண்ணு. இதுதான் வரணும்."

"வரணும்?" தமிழில் கேட்டாள். அபூர்வம்.

"புக்ல அப்படித்தான் இருக்குது. அம்மா அஞ்சு வருஷம் சொல்லிக் குடுத்துருக்கேன்."

"ஓகே" என்று ஜிகினாப் பசையை எடுத்துக்கொண்டாள். நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

13 பிப்ரவரி, ஞாயிறு

வெளியே முழங்கால் வரை பனி. டிவியில் நார்வேயிலிருந்து ஒலிம்பிக்ஸ். அங்கேயும் பனிதான், ஆனால் அங்கே அதற்கு மெடல் தருகிறார்கள்.

பனிச்சறுக்குக்காரர்கள் கடுங்குளிரில் பனி "ஸ்லோ"வாகிவிடுகிறது, மணலில் இழுப்பது போல் இழுக்கிறது என்று புலம்பினார்கள். சறுக்குக் கட்டைக்கு அடியில் என்ன மெழுகு தடவுவது என்று ஒரு கூட்டமே விவாதம் செய்தது. பிறகு ஐஸ் ஹாக்கி, பந்துக்குப் பதில் ரப்பர் வட்டு, பெயர் பக். வெண்பா தரையில் குப்புறப் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள், திடீரென்று தலையைத் திருப்பி ஆங்கிலத்தில் கேட்டாள், தமிழில் எழுதிக்கொள்கிறேன். "அந்த ரப்பர் பக்குக்கு எடையே இல்லையே அம்மா. அது எப்படி இவ்வளவு நன்றாக வழுக்குகிறது?"

நான் என்ன சொன்னேன்? "அதெல்லாம் ஜட்ஜ் கேக்க மாட்டாங்க."

பதிலா அது? கோபியில் சிலபஸுக்கு வெளியே கேட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் நான் சொன்ன பதில்.

27 பிப்ரவரி, ஞாயிறு

நான் எழுதிக் கொடுத்த விளக்கப் பாராவை வெண்பா மனப்பாடம் செய்துவிட்டாள். ஒரு சொல் பிசகாமல் ஒப்பிக்கிறாள். நடுவில் மூச்சு விடவும் நானே இடம் குறித்துக் கொடுத்திருக்கிறேன். வீட்டுக்காரர், "பார்லிமென்ட்ல பட்ஜெட் வாசிக்கிற மாதிரியில்ல இருக்குது" என்றார். பொறாமை.

5 மார்ச், சனி

எழுதவா வேண்டாமா என்று இரண்டு தடவை மூடி வைத்தேன்.

கஃபட்டீரியா. நாற்பது மேஜை. மூன்றாவது வரிசையில் எங்கள் அட்டை, ஜிகினா மின்ன. நடுவர் ஒரு வெள்ளைக்காரம்மா, கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக் கண்ணாடி. முப்பது வருஷம் ஏதோ கம்பெனி லேபில் இருந்து ரிட்டையர் ஆனவராம். வெண்பா பாராவை ஒப்பித்தாள். ஒரு பிசகில்லை. நான் இரண்டடி தள்ளி நின்று உதடசைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தம்மா சிரித்துக்கொண்டே, "வெரி நைஸ். கேன் ஐ சீ யுவர் லாக்புக்?" என்றார்.

வெண்பா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பென்சில் நோட்டு. அதை எடுத்து வந்திருப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நோட்டீஸில் போட்டிருந்தது: கட்டாயம் கொண்டு வரவும். நான் நோட்டீஸில் தேதியை மட்டும் படித்தேன்.

அவர் நோட்டைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி நோட்டைப் பார்த்தார். அட்டையில் இருக்கும் எண்கள் எங்கிருந்து வந்தன என்று மெதுவாகக் கேட்டார், அதட்டலே இல்லாமல்.

என் பெண் முதலில் நோட்டைத் தொட்டாள். "திஸ் இஸ் வாட் ஐ மெஷர்ட்." பிறகு அட்டையைத் தொட்டாள். "தட் இஸ் வாட் மை மாம் நோஸ்."

நான் அளந்தது இது. அம்மாவுக்குத் தெரிந்தது அது.

பெருமையாகச் சொன்னாள். அதுதான் கொடுமை. காட்டிக் கொடுக்கவில்லை, என்னைப் பெருமையாக அறிமுகம் செய்தாள். அந்தம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பிறகுதான், அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான், வெண்பாவுக்குப் புரிந்தது. அவள் முகம் சுருங்கியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

நோட்டு நல்ல சயின்ஸ், அட்டைக்கு என்னால் மார்க் போட முடியாது என்று அவர் வெண்பாவிடம் குனிந்து சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார். கலந்துகொண்டதற்கான பச்சை ரிப்பன் தந்தார்கள். ரோஹன் எரிமலைக்கு மூன்றாம் பரிசு.

காரில் வெண்பா அட்டையைக் காலடியில் போட்டு அதன் மேல் பூட்ஸை வைத்துக்கொண்டாள்.

6 மார்ச், ஞாயிறு

யாரு அந்த அம்மா? என்ன தெரியும் அவங்களுக்கு? நான் டெரைவ் பண்ணிக் காட்டட்டுமா? கிளாபிரான் சமன்பாட்டை எந்நேரம் கேட்டாலும் சொல்லுவேன், தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அழுத்தத்துக்கு உருகுநிலை இறங்கும். இறங்கும்தானே? கணக்குப் போட்டு, பள்ளிக்கூட முகவரிக்கு ஒரு கடிதம் போடப் போறேன். முகத்துல அடிச்ச மாதிரி.

7 மார்ச், திங்கள்

கணக்குப் போட்டேன்.

வீட்டுக்காரர் எண்பத்து நான்கு கிலோ. ஸ்கேட் பிளேடு மூன்று மில்லிமீட்டர் அகலம். ஐஸைத் தொடும் நீளம் ஐந்து சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒற்றைக் காலில் நிற்கிறார் என்று தாராளமாக விட்டுக்கொடுக்கலாம். காற்றழுத்தத்தைப் போல் ஐம்பத்தைந்து மடங்கு வருகிறது. கேட்கப் பிரமாதம். ஆனால் உருகுநிலை ஒரு டிகிரி இறங்குவதற்கே நூற்று முப்பத்தைந்து மடங்கு வேண்டும்.

ஆக, என் புருஷனின் மொத்தப் பாரமும் சேர்ந்து இறக்குவது 0.4 டிகிரி. ரிங்கில் ஐஸ் மைனஸ் ஐந்து செல்சியஸில் கிடக்கிறது.

மூன்று முறை போட்டேன். தசமப் புள்ளி எங்கேயாவது நழுவியிருக்கும் என்று தேடினேன். நழுவவில்லை. பிளேடு இன்னும் ஓரமாகத் தொடுகிறது என்று பிடிவாதமாகக் குறைத்தாலும் ஒன்றிரண்டு டிகிரிதான். மைனஸ் இருபதில் அவர் காருக்கு அடியில் போனாரே, அன்றைக்குப் போட்டிருந்தது தட்டையான பூட்ஸ். அதற்குக் கணக்கே வேண்டாம்.

டம்ளருக்கும் போட்டேன். நாற்பது நாணயத்தோடு ஒரு டிகிரியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இதைத்தான் நான் நான்கு, மூன்றரை, மூன்று, இரண்டரை என்று நேர்கோடாக வரைந்து ஜிகினா ஒட்டினேன்.

அஞ்சு வருஷம். வருஷத்துக்கு அறுபது பொண்ணுங்க. போர்டு நிறைய டெரைவ் பண்ணியிருக்கேன், ஒரு நாள், ஒரே ஒரு நாள், அதுல நம்பர் போட்டுப் பாத்ததில்லை. பாக்கணும்னு தோணவே இல்லை. சிலபஸ்ல இல்லையே.

அட எழவே.

9 மார்ச், புதன்

வெண்பா ஹோம்வொர்க்கை எடுத்துக்கொண்டு காமாக்ஷி வீட்டுக்குப் போனாள்.

10 மார்ச், வியாழன்

இன்றும். காமாக்ஷி போன் செய்தாள். "வெண்பாக்கு எங்காத்துக்காரர் சொல்லித் தர்றது பிடிச்சிருக்கு போலருக்கு. நீ ஒண்ணும் தப்பா நினைச்சுக்காதே." தப்பாக நினைத்துக்கொள்ள நானே நிறைய வைத்திருக்கிறேன், அதில் உனக்கு இடமில்லை என்று சொல்ல வந்தது. "தேங்க்ஸ்" என்றேன்.

12 மார்ச், சனி

எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. சமைத்துப் போடுவோம். கேசரி செய்தேன், முந்திரி கைநிறையப் போட்டு. வெண்பா ஒரு கிண்ணம் சாப்பிட்டாள், கிண்ணத்தைக் கழுவி வைத்தாள், ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மீதியை வீட்டுக்காரர் சாப்பிட்டார். "அப்ப எங்கிட்ட ஏதாச்சும் தப்பு பண்ணிருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே.

16 மார்ச், புதன்

லைப்ரரிக்கு நடந்தே போனேன், முக்கால் மணி நேரம். ஓரமெல்லாம் கறுத்த பனி, விழவில்லை. இருந்த பௌதிகப் புத்தகங்களையெல்லாம் மேஜையில் அடுக்கிக்கொண்டேன். ஒன்று என் பதிலையே சொல்கிறது, வெட்கமில்லாமல், படத்தோடு. இன்னொன்று உராய்வில் பிறக்கும் சூடுதான் ஐஸை உருக்குகிறது என்கிறது. அப்படியென்றால் சும்மா நிற்பவர் ஏன் வழுக்கி விழுகிறார்? மூன்றாவது, ஐஸின் மேல் தோல் எப்போதுமே முழுசாக உறைவதில்லை, மெல்லிய ஈரப் படலம் ஒன்று இருந்துகொண்டே இருக்கும் என்கிறது. அந்தப் படலம் எவ்வளவு கனம் என்பதில் ஆளுக்கு ஒரு அளவு.

கடைசியில் தெரிந்தது: இது இன்னும் முடியாத விஷயம். நான் இதை ஐந்து மதிப்பெண்ணுக்கு முடித்துவைத்துவிட்டேன்.

17 மார்ச், வியாழன்

கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனேன். தமிழிலேயே சொன்னேன்.

"அந்த நம்பரை நான் மாத்துனேன் கண்ணு. உன்றது சரி. நான் பண்ணது தப்பு. அந்தப் பதிலும் தப்பு. கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்."

அவள் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஆங்கிலத்தில் கேட்டாள்: காலேஜிலும் அப்படித்தான் செய்வாயா?

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. "ஆமா" என்றேன்.

எல்லாரும் செய்வார்கள் என்று சேர்த்துச் சொல்லப் போனேன், அதற்குள் தெய்வானை ஞாபகம் வந்துவிட்டாள். மூன்றாம் வருஷம், கடைசி பெஞ்ச். ஊசலில் ஒன்பது புள்ளி நான்கு வந்தது என்று அப்படியே எழுதிக்கொண்டு வந்தவள். "போய் மறுபடி எழுதிட்டு வா" என்று ரெக்கார்டைத் திருப்பிக் கொடுத்தேன். எழுதிவிட்டு வா என்றேன். செய்துவிட்டு வா என்று சொல்லவில்லை. இரண்டு நிமிஷத்தில் ஒன்பது புள்ளி எட்டோடு வந்தாள், நான் கையெழுத்துப் போட்டேன். நல்ல பெண். சொன்ன பேச்சைக் கேட்பாள்.

இதையும் வெண்பாவிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. "கேன் யு குளோஸ் த டோர்" என்றாள். வெளியே நின்று சாத்தினேன்.

கண்ணு கலங்கிப்போச்சு, வேற என்ன.

18 மார்ச், வெள்ளி

ஹோம்வொர்க் காமாக்ஷி வீட்டில்.

26 மார்ச், சனி

ரிங்குக்குப் போகலாமா என்று கேட்டேன். ஸ்கேட்டிங்குக்கு அல்ல, அளப்பதற்கு. வருவாள் என்று நினைக்கவில்லை. பென்சில் நோட்டை எடுத்துக்கொண்டு காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

பொது ஸ்கேட்டிங் நேரம் முடிந்து, ஐஸ் மேல் வண்டி ஓட்டிச் சமன் செய்யும் ஃப்ராங்க் என்ற ஆள் எங்களுக்கு இருபது நிமிஷம் தந்தார். எதற்கு என்று நான் என் இங்கிலீஷில் விளக்கினேன். போனில்லை, முகத்துக்கு நேராக, ரிசீவரை நீட்ட ஆளில்லை. அவருக்குப் புரிந்தது. ஹாக்கிக்காரர்களுக்கு ஐஸைக் கெட்டியாக, இன்னும் குளிராக வைப்பாராம். சுழன்று ஆடுகிறவர்களுக்குக் கொஞ்சம் இளக்கமாக. முப்பது வருஷமாக இந்த வேலை. ஏன் அப்படி என்று கேட்டேன். "தே லைக் இட்" என்றார். இவரை எங்கள் கல்லூரிக்கு எக்ஸ்டர்னல் எக்ஸாமினராகப் போட்டிருக்க வேண்டும்.

இரண்டு ரப்பர் பக். ஒன்று ஃப்ராங்கின் ஃப்ரீஸரிலிருந்து, இன்னொன்று வீட்டுக்காரரின் கோட்டுப் பைக்குள்ளிருந்து, கதகதவென்று. பழைய அட்டையை மடித்துச் சரிவாக வைத்து, ஒரே உயரத்திலிருந்து ஒவ்வொன்றாக விட்டோம். எது அதிக தூரம் போகிறது?

எனக்குத் தெரியும். லைப்ரரியில் ஐந்து மணி நேரம் படித்தவளுக்குத் தெரியாதா? சூடான பக் அடியில் ஐஸை இன்னும் கொஞ்சம் ஈரமாக்கும், அதுதான் அதிக தூரம் போகும். வெண்பாவிடம் வாயைத் திறக்கவில்லை, ஆனால் மனதுக்குள் எழுதி, அடிக்கோடும் போட்டுவிட்டேன்.

ஃப்ரீஸர் பக் போனது. போய்க்கொண்டே இருந்தது. சூடான பக் அதில் பாதி தூரத்தில் நின்றுவிட்டது.

மறுபடி. அதேதான். அட்டையின் சரிவு பிசகியிருக்கும் என்று நான் குனிந்து பார்த்தேன். பிசகவில்லை. மூன்றாவது முறையும் அதேதான்.

நிமிர்ந்தால், வெண்பா நோட்டில் பென்சிலை வைத்தபடி நிற்கிறாள். எழுதவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ட்ரே சரியில்லை என்று சொல்வேனா என்று பார்க்கிறாள். வாயில் அதுதான் இருந்தது, சத்தியமாக. அட்டை சரியில்ல கண்ணு. நாக்கு நுனியில் இருந்தது.

"வந்தத எழுது" என்றேன்.

எழுதினாள். ஃப்ராங்க் சிரித்தார். இதற்காகத்தான் ஆட்டத்துக்கு முன்னால் பக்கை ஃப்ரீஸரில் வைக்கிறோம், எந்தப் பயலைக் கேட்டாலும் சொல்வானே என்றார். வீட்டுக்காரர், "எம்.எஸ்சி.ன்னா இதையெல்லாம் கேக்கக் கூடாதுங்க" என்று தமிழில் அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

28 மார்ச், திங்கள்

பார்க்கிங் லாட்டில் ஐஸ் போய்விட்டது. சேறு. அதில் வழுக்காமல் நடந்தேன், காமாக்ஷிக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும்.

சாயங்காலம் நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். வெண்பா பையை மாட்டிக்கொண்டு காமாக்ஷி வீட்டுக்குக் கிளம்பியவள் சமையலறை வாசலில் நின்றாள்.

"சோ ஒய் டிட் த கோல்ட் ஒன் கோ ஃபார்தர்?"

ரப்பர் குளிரில் இறுகிவிடுவதாலா, அடியில் உருகிய நீர் ஒட்டிப் பிடிப்பதாலா, இரண்டுமா? இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பாரா சொல்லியிருக்கலாம். நன்றாகவே சொல்லியிருப்பேன், படத்தோடு.

"எனக்குத் தெரியாது கண்ணு" என்றேன்.

முப்பத்து மூன்று வயதில் இந்த வாக்கியத்தை முதல்முறையாக ஒரு மாணவியிடம் சொல்கிறேன். ஒன்றும் இடிந்து விழவில்லை. பீன்ஸ் அப்படியே இருந்தது.

"ஓகே" என்றாள். பையை இறக்கி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பீன்ஸை ஓரமாகத் தள்ளிவிட்டு, பின்னக் கணக்கு ஷீட்டை எனக்கும் அவளுக்கும் நடுவில் வைத்தாள்.